கேமராவின் மேல் போட்ட பழி

ஜோயல்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. "அப்பா, சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தாய். நானாகக் கூப்பிட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை, தானாகக் கூப்பிட்டுச் சாப்பாட்டை விசாரித்தால் பின்னால் வேறு ஏதோ வரப்போகிறது என்று தெரியாத அளவுக்கு நான் இன்னும் மக்காகிவிடவில்லை. வந்தது. புதிய கேமரா ஒன்று உன் கைக்கு வந்திருக்கிறதாம். தமிழில் எல்லோருக்கும் முன்னால் நீதான் அதைப் பற்றிப் பேசப்போகிறாயாம். "ரூம் டெஸ்ட்டுக்கு நீங்க உக்காரணும்ப்பா. அம்மாவோட மெரூன் சால்வை பீரோல இருக்கும்ல, அதைப் போத்திக்கிட்டா போதும். பழைய ஃபைலோட வச்சுப் பாக்கணும், இருட்டுல அந்தச் சிவப்பு எப்படி வருதுன்னு தெரியணும்" என்றாய். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "பாக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒரு வாரமாக அந்தப் "பாக்கலாம்" தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கான பதில்தான் இது. உன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ செய்தது ஊரறியச் செய்தது, அதனால் பதிலையும் ஊரறிய எழுதுகிறேன். கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள்.

நீ அப்படிக் கேட்டதுகூடப் பெரிதில்லை. கேட்கும்போது உன் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை பார், அதுதான் என்னை எரிக்கிறது. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் உட்கார்ந்த நாற்காலியில், அவள் போர்த்திய சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவள் இடத்தை நிரப்புவதற்கு ஒரு ஆள் வேண்டும் உனக்கு. உயரம் கொஞ்சம் கூட, தலையில் மயிர் கொஞ்சம் குறைவு, மற்றபடி பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம். அப்படித்தானே?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன் தொழிலைச் சொல்லியாக வேண்டும். கேமராவுக்குள் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. பழைய காலத்து ஃபிலிம் செய்த வேலையை இப்போது அதுதான் செய்கிறது, விழுகிற வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிறது. வெயிலில் எந்த சென்சாரும் நன்றாகத்தான் எடுக்கும். இருட்டில்தான் வண்டவாளம் தெரியும். நட்சத்திரத்தை எடுக்கிறவர்களும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கல்யாண வீட்டை எடுக்கிறவர்களும் வாங்குவதற்கு முன்னால் உன் வீடியோவைப் பார்க்கிறார்கள். எந்த சென்சார் இருட்டில் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக ஆகிறது, எது சுத்தமாக நிற்கிறது, எது நிறத்தை மாற்றிவிடுகிறது என்று நீ பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறாய். பெரிய சென்சார் ஏன் இருட்டில் நன்றாக எடுக்கிறது என்று நீ முதல் வீடியோவில் தடுமாறியபோது, சமையலறையிலிருந்து அம்மாதான் எடுத்துக்கொடுத்தாள். "மழைக்கு மாடில அண்டா வச்சா நிறையத் தண்ணி பிடிக்கும், டம்ளர் வச்சா கொஞ்சம்தான் பிடிக்கும். இதுக்குப் போயி இவ்ளோ இங்கிலீஷ் எதுக்குடா?" என்றாள். தண்ணீர்ப் பஞ்சத்தில் நம் மாடி முழுக்கப் பாத்திரம் வைத்தவள், அவளுக்குத் தெரியாதா? அந்த வரியை நீ அப்படியே எடுத்துக்கொண்டாய். இன்றைக்கும் உன் ரசிகர்கள் "அண்டா சென்சார்" என்றுதான் எழுதுகிறார்கள். அது பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சரின் வாயிலிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

உன் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன், நல்ல முறைதான். புதிய சென்சாரைப் பழையதோடு ஒப்பிட வேண்டுமானால் எடுக்கிற காட்சி மாறக்கூடாது. அதே அறை, அதே விளக்கு, அதே தூரம், அதே ஆள். இருட்டு என்றால் வருஷா வருஷம் அதே இருட்டாக இருக்க வேண்டும். அதற்காகத் தாம்பரத்தில் நம் இரும்புலியூர் வீட்டின் பின்னறையை நீ எடுத்துக்கொண்டாய். ஜன்னலைக் கம்பளியால் அடைத்தாய். ஒரே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப். சுவரில் சர்ச் காலண்டர். பிரம்பு நாற்காலியில், முதுகுக்கு வெள்ளை உறை போட்ட தலையணை வைத்து, மெரூன் சால்வையோடு அம்மா. கேமரா ஸ்டாண்டின் மூன்று காலும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சிவப்பு டேப் ஒட்டினாய். வீடு பெருக்க வருகிற பெண் அதை உரித்துவிடப் போகிறாள் என்று அம்மா அந்த இடத்தை மட்டும் தானே குனிந்து துடைப்பாள். பெங்களூரிலிருந்து நீ பெருங்களத்தூரில் பஸ் இறங்கி, பையை ஹாலில் போடும்போதே "அம்மா, சால்வை எங்க?" என்பாய். அவளுக்கு அதில் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன். உன் ரசிகர்கள் அந்தக் காட்சிக்கு "ஆன்ட்டி டெஸ்ட்" என்று பேர் வைத்தபோது மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவளிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள். "என் மூஞ்சிய வச்சுத்தான் ஊர்ல கேமரா வாங்குறாங்களாம்" என்றாள்.

ஒவ்வொரு சென்சாரும் முன்னதைவிட நன்றாகத்தான் வந்தது. முதலில் நீ வைத்திருந்த சின்ன சென்சாரில் அம்மாவின் முகம் ரவையில் வரைந்ததுபோல இருக்கும். அடுத்து வந்த பெரிய சென்சாரில் காதுத் தோடு தெரிந்தது. அதற்கடுத்தது ஒயரையெல்லாம் பின்னால் தள்ளி, வெளிச்சம் நேராக விழுகிற மாதிரி செய்ததாம். அதில் நெற்றிச் சுருக்கம் தெரிந்தது. அதை நீ நூறு சதவீதம் பெரிதாக்கி, ஒரு அம்புக்குறி போட்டு, "பாருங்க ஃப்ரெண்ட்ஸ், நிழல்ல இருக்கிற டீடெய்ல்" என்றாய். அம்மா என்னைப் பார்த்து, "நல்லா இருக்குங்க, என் சுருக்கத்துக்கு அம்பு விட்டிருக்கான்" என்றாள். சிரித்தோம். அப்போது எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

வானத்துக்கு நான்தான் உனக்கு ஆள். தாம்பரத்தில் எங்கே வானம்? ஜிஎஸ்டி ரோடு வெளிச்சமும் ஏர்போர்ட் வெளிச்சமும் சேர்ந்து மேலே ஆரஞ்சுக் கலரில் ஒரு மூடி போட்டுவிட்டது. அதனால் படப்பையைத் தாண்டி ஏரிக்கரைக்கு ஸ்கூட்டரில் உன்னை உட்கார வைத்துக் கூட்டிப்போவேன். ஒரு தடவை நீ எடுத்த படத்தில், வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. எனக்கு அது நட்சத்திரம் போலத்தான் இருந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. லென்ஸை மூடியால் மூடினாய். மூடிய கேமராவில் அதே நேரம் வைத்து இன்னொரு படம் எடுத்தாய். கறுப்பாக ஒன்றுமில்லாத படம். அதை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டேன். "இது சென்சாரோட சொந்தப் பொய்ப்பா. சூடானா தானா புள்ளி போடும். மூடி போட்டும் அந்தப் புள்ளி வந்தா அது சென்சார் கோளாறு. வரலைன்னா அது மேல நிஜமாவே இருக்கு. பாக்காம யார் மேலயும் பழி போடக்கூடாது" என்றாய். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் நான். கோளாறு விளக்கிலா, ஒயரிலா என்று பார்க்காமல் கை வைக்காதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். என் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே அது தெரிந்திருக்கிறதே என்று திரும்பி வரும் வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அந்தப் புள்ளி மூடிய படத்தில் வரவில்லை. அது நிஜ நட்சத்திரம்தான். நான் ஜெயித்ததில் உனக்கும் சந்தோஷம்.

போன தீபாவளி மழையில் நீ கொண்டுவந்த கேமராவுக்கு வருகிறேன். சென்சாரை அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள், வேகம் ஜாஸ்தி, ஆனால் இருட்டில் பழையதைவிடக் கொஞ்சம் இறங்கும் என்று பேச்சு, அதைச் சரிபார்க்கப் போகிறேன் என்று வந்தாய். பழைய கேமராவை விற்றுவிட்டிருந்தாய். பழைய படம் மட்டும் லேப்டாப்பில் இருந்தது. அம்மா அன்றைக்குச் சரியாகவே இல்லை. சாப்பாட்டைப் பார்த்தாலே புரட்டுகிறது என்று காலையில் வெறும் கஞ்சியோடு நிறுத்தியிருந்தாள். கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். "அசையாதம்மா, ப்ளர் ஆகுது" என்று நீ சொல்வது எனக்கு ஹாலில் கேட்டது. "அரிக்குதுடா." "இன்னும் ரெண்டே ரெண்டும்மா." அந்த இரண்டு எத்தனை இரண்டாகப் போனது என்று எண்ண நான் உட்காரவில்லை. அவள் வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "மழைக்கு உடம்பு வலிக்குது" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். நீ பெங்களூர் போய் வீடியோ போட்டாய்.

அந்த வீடியோவில் நீ சொன்னது எனக்கு மனப்பாடம். இருட்டில் புள்ளி குறைவு, சபாஷ் என்றாய். நட்சத்திரத்துக்கு நம்பி வாங்கலாம் என்றாய். அதற்கப்புறம் போன தடவை எடுத்த அம்மாவையும் இந்தத் தடவை எடுத்த அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். "ஸ்கின் டோன்லதான் இந்த சென்சார் சொதப்புது ஃப்ரெண்ட்ஸ். பாருங்க, முகம் எவ்ளோ மஞ்சளா போயிருக்கு. கண்ணோட வெள்ளையைக்கூட மஞ்சளாக்கி வச்சிருக்கான். கல்யாணம் எடுக்கிறவங்க உஷாரா இருங்க" என்றாய். அம்மாவின் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினாய். அதன் பக்கத்திலும் ஒரு அம்பு. அப்புறம் கம்ப்யூட்டரில் எதையோ இழுத்து, மஞ்சளைக் குறைத்து, "இப்படித்தான் நாம சரி பண்ணிக்கணும்" என்று முகத்தை வெளுப்பாக்கிக் காட்டினாய். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஆமாம் ப்ரோ, மஞ்சள்தான் ப்ரோ என்று எழுதினார்கள்.

பொங்கல் கழிந்து அவளால் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா டியூப்லைட்டுக்கு நேராக நிற்க வைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்து, என்னைப் பார்த்தார். "சார், இவ்ளோ மஞ்சளா இருக்கே, வீட்ல யாருமே பாக்கலையா?" என்றார். பித்தம் இறங்குகிற குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. கல்லீரல் வரை போய்விட்டிருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஆபரேஷன் யோசிச்சிருக்கலாம்" என்றார். அந்த வாக்கியத்தை டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்வார்கள், எனக்குத் தெரியும். முன்னாடி போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், செய்யவும் முடியாது. ஈஸ்டருக்கு முன்னால் அவளை அடக்கம் செய்தோம். நீ கடைசி வாரங்களில் வேலையை விட்டுவிட்டு வந்து கிடந்தாய், அவள் வாந்தியைக் கையில் பிடித்தாய், குழிமேட்டில் மண் போடும்போது உன்னை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஞாபகம் இருப்பதால்தான் இவ்வளவு கசக்கிறது. பாசமில்லாத பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் மனசை விட்டே தூக்கிப் போட்டிருப்பேன்.

டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, அதுவும் நல்ல பதில் இல்லை. கூடவே இருந்தவன் நான். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. மழை முடியட்டும், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். புரை வந்தவன் உலகத்தையே காய்ந்த எண்ணெய் வழியாகப் பார்க்கிற மாதிரி. சுவர் மஞ்சள், வேட்டி மஞ்சள், சோறு மஞ்சள். அதற்கு நடுவில் பெண்டாட்டி மஞ்சளானது எங்கே தெரியும்? மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகத்தைக் குறை, முன்னால் சிவப்பு இருக்கிறது என்று சம்பளம் வாங்கிப் பிழைத்தவன், வீட்டுக்குள் எரிந்ததைப் பார்க்கவில்லை. இதற்கு நான் யாரிடமும் சமாதானம் கேட்கப்போவதில்லை. உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கண் கெட்டிருந்தது. உன் கையில் இருந்தது நல்ல கண். அதைத்தான் நீ கெட்டுப்போனது என்று சொன்னாய்.

அம்மா போனபின் உன் அக்கா பெனிட்டா பிடிவாதம் பிடித்து ஆபரேஷன் செய்ய வைத்தாள். கண் கட்டைப் பிரித்ததும் கூடுவாஞ்சேரியில் அவள் ஃபிளாட்டில்தான் கொஞ்ச நாள் இருந்தேன். வெள்ளை என்றால் இப்படி ஒரு வெள்ளையா, நீலம் என்றால் இப்படி ஒரு நீலமா என்று பால்கனியில் காய்கிற துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தை நல்ல கண்ணால் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. வேறெங்கே அவ்வளவு தெளிவான படம் இருக்கிறது? உன் வீடியோவைத்தான் பெனிட்டாவின் லேப்டாப்பில் போடச் சொன்னேன். நீ இரண்டு அம்மாவையும் பக்கத்தில் வைத்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். முகத்தைப் பார்த்தேன். அப்புறம், சிக்னல்காரன் புத்தி, முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன். காலண்டர் இரண்டிலும் ஒரே வெள்ளை. தலையணை உறை இரண்டிலும் ஒரே வெள்ளை. சால்வையின் மெரூன்கூட மாறவில்லை. கேமரா மஞ்சளாக்குகிறதென்றால் காலண்டரை மட்டும் விட்டுவைக்குமா ஜோயல்? அறையில் எல்லாம் அப்படியே இருந்தது. மாறியிருந்தது உன் அம்மா மட்டும்தான். பெனிட்டாவுக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. லேப்டாப்பை டப்பென்று மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எங்கேயோ வானத்தில் கிடந்த, பேர்கூடத் தெரியாத ஒரு புள்ளிக்காக நீ அந்த ஏரிக்கரையில் மூடி போட்டுப் பார்த்தாய். அதன்மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்தாய். அந்த மரியாதையில் கால்வாசி அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். மூடிகூடத் தேவையில்லை. கம்பளியை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், "இங்க பாரும்மா" என்று அவள் முகத்தை ஒருதரம் உன் கண்ணால் பார்த்திருந்தால் போதும். நீ பார்த்ததெல்லாம் திரையில்தான். எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்ப்பதற்கு அவளுக்கே முதுகு காட்டி உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்பனாக நான் சொல்ல ஒரு புத்திமதி இருந்தால் அது இவ்வளவுதான்: ஒரு முகம் மாறித் தெரிந்தால் முதலில் அந்த முகத்துக்கு உரியவரைக் கேள். மெஷினை அப்புறம் விசாரிக்கலாம்.

இத்தோடு நிறுத்திவிடத்தான் பெனிட்டா சொன்னாள். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. "அதை மட்டும் அவன்கிட்ட சொல்லாதீங்கப்பா, தாங்கமாட்டான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் சொல்லாமல்தான் இருந்தேன். நீ சால்வையைக் கேட்டாய் பார், அதோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது.

கூடுவாஞ்சேரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கு நூர்ஜஹான் அக்காவிடம் சாவி வாங்கப் போனேன். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாரே, உனக்கு ரம்ஜானுக்கு ரம்ஜான் நோன்புக் கஞ்சி கொடுத்து வளர்த்தவர். உன் வீடியோவை விடாமல் பார்க்கிறவர், கேமரா வாங்குவதற்கா, டீச்சர் முகம் வருகிறது என்பதற்காக. அவரிடம் மனசு தாங்காமல் நான் பார்த்ததைச் சொன்னேன். அந்த அம்மா அப்படியே தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாங்க. ராத்திரி கரண்ட் இல்ல, போன்ல வீடியோவப் பாத்துகினு இருந்தேன். இன்னா டீச்சர், கண்ணு இவ்ளோ மஞ்சளா கீது, எங்க மாமாக்கு இப்படித்தான் ஆச்சு, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்கன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க சார். அட நீங்க வேற, அது என் கண்ணு இல்லக்கா, கேமரா கோளாறுன்னு என் பையனே அதுல சொல்றான் பாருங்க, முழுசா கேளுங்கன்னு சவுண்டு வச்சுக் காட்டுனாங்க. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஊரே அவனக் கேட்டுத்தான் கேமரா வாங்குதுன்னாங்க. எனக்கு இன்னா தெரியும் சார், நானும் சரின்னு உட்டுட்டேன். அவங்க தவறுனப்புறம் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிகினு இருந்தேன்."

அவர் அழுதார். நான் அழவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்னறைக் கதவைத் திறந்து, தரையில் இருந்த சிவப்பு டேப்பையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஆகவே நீ வந்தாலும் பழைய இடத்தில் கேமராவை நிறுத்த முடியாது.

நான் ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. நீ வேண்டுமென்று செய்தாய் என்று எந்த மடையனும் சொல்லமாட்டான். உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அம்மா எழுந்து வந்து என்னை அடிப்பாள். ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. நீ அதில் சொன்னது பொய் என்று எனக்கும் உன் அக்காவுக்கும் நூர்ஜஹான் அக்காவுக்கும் தெரியும், இனி உனக்கும் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தக் கேமரா மஞ்சளாக்கும் என்று நம்பி இன்றைக்கும் எவனோ ஒருத்தன் தன் வீட்டுப் படத்தில் மஞ்சளைக் குறைத்துக்கொண்டிருப்பான். அவன் படத்தில் இருப்பது யார், அவன் அப்பாவா, பெண்டாட்டியா, யார் கண்டது? அதன் கீழேயே "ஆன்ட்டி டெஸ்ட் ஏன் இப்பல்லாம் வர்றதில்ல ப்ரோ?" என்று கேட்கிறார்கள். நீ ஒரு இதயம் படத்தைப் போட்டுவிட்டுப் போகிறாய். அவள் இல்லை என்று ஒரு வார்த்தை எழுத உனக்குக் கை வரவில்லை. என்னை உட்கார வைத்தால் அந்தக் கேள்வியே வராது என்று பார்த்தாயோ என்னவோ.

அதனால் என் பதில் இது. வீட்டுக்கு வா. கேமராவைக் கொண்டுவருவதும் வராததும் உன் இஷ்டம். நாற்காலியில் உட்கார்கிறேன், படம் எடுத்துக்கொள், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சால்வை கிடையாது. அதைப் பெனிட்டா துவைக்காமல் எடுத்துப்போய் வைத்திருக்கிறாள், அவளிடம் போய்க் கேட்டுப்பார், என்ன சொல்கிறாள் என்று கேள். ஆனால் வருவதற்கு முன்னால் அந்த வீடியோவின் கீழே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுது. இந்தக் கேமரா சரியாகத்தான் காட்டியது, மஞ்சளாக இருந்தது என் அம்மா, நான் பார்க்கவில்லை, அவர் இறந்துவிட்டார் என்று எழுது. வீடியோவை எடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. எனக்காகக் கேட்கவில்லை. உன் பேச்சை உண்மை என்று நம்பி, அடுத்த வீட்டுக்காரிக்கு சவுண்டு வைத்துக் காட்டிவிட்டு, ஜாக்கெட் அளவு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாளே, அவளிடம் இதுவரை யாருமே அது தப்பு என்று சொல்லவில்லை.

அப்பா